பேக்கேமனில் நல்ல நகர்வைத் தேர்ந்தெடுக்க எப்படி யோசிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு வேலைக்குப் போகும்போது ரயிலில் கைப்பேசியில் பேக்கேமன் ஆடுகிறீர்கள்; பகடை உருட்டித் தம் காய்களையெல்லாம் எதிராளிக்கு முன் பலகையிலிருந்து வெளியேற்றும் ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனரோடு வீட்டில் பலகை விரித்து ஆடுகிறீர்கள். விதிகள் தெரியும், தொடக்க நகர்வுகளில் பலவும் மனப்பாடம், ஆனாலும் தோல்வியே அதிகம். மைத்துனருக்கு வேண்டிய எண் வேண்டிய நேரத்தில் விழுகிறது என்றும், செயலியின் பகடையில் ஏதோ சூது இருக்கிறது என்றும் உங்களுக்குப் படுகிறது. யோசிக்கும் முறையில் எதை மாற்றினால் நகர்வுகள் மேம்படும் என்பது கேள்வி.

பகடையைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நேற்றுக் கற்றுக்கொண்டவர்கூட உலகத்தரமான ஆட்டக்காரரை ஓர் ஆட்டத்தில் வென்றுவிடலாம். ஆட்டங்கள் கூடக் கூட அந்தப் பங்கு கரைந்து, எடுத்த முடிவுகளின் தரமே மிஞ்சுகிறது. மைத்துனருக்கு வேண்டிய எண் அடிக்கடி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், அவர் தம் காய்களை நிறுத்தி வைக்கும் விதத்தில் 36 வாய்ப்புகளில் இருபதுக்கு மேற்பட்டவை அவருக்கு வேண்டியவையாக ஆகிவிடுவதுதான். உங்கள் காய்களோ ஐந்தாறு வாய்ப்புகள் மட்டுமே கைகொடுக்கும் நிலையில் நிற்கின்றன. அவை விழாதபோது பகடை உங்களுக்குப் பகையாகத் தெரிகிறது. கீழே நான் சொல்பவை எல்லாம் ஒரே பழக்கத்தின் கிளைகள்: மனத்தில் ஒரு நகர்வு தோன்றியவுடன் அதை ஆடிவிடாமல், அதற்குப் போட்டியாக இன்னொரு நகர்வை நிறுத்தி, எதிராளியின் அடுத்த 36 வாய்ப்புகளை முன்வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

அதற்கு அடிப்படைக் கணக்கு கொஞ்சம் வேண்டும். இரண்டு பகடைகள் தரும் சேர்க்கைகள் 21 என்றாலும் அவற்றின் வாய்ப்பு சமமன்று. 3-3 விழ ஒரே வழிதான் உண்டு. 3-1 விழ இரண்டு வழிகள் உண்டு. எனவே எப்போதும் 36-க்கு எத்தனை என்றே எண்ண வேண்டும். குறிப்பிட்ட ஓர் எண் இரண்டு பகடைகளில் ஒன்றிலாவது விழும் வாய்ப்பு 11. இரண்டு எண்களில் ஏதேனும் ஒன்று விழுவது 20. மூன்று எண்களில் ஏதேனும் ஒன்று விழுவது 27. இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

அடுத்தது வெட்டுக் கணக்கு. தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு மலைக் கட்டத்தில் ஏறிவிட்டால் காய் பத்திரம் என்ற நினைப்பு ஊறியிருக்கும். பேக்கேமன் பலகையில் அப்படி முன்கூட்டியே குறித்து வைத்த இடம் எதுவும் இல்லை, உங்கள் காய்கள் இரண்டு சேர்ந்து நிற்கும் இடமே மலை. தனியாக நிற்கும் காய்க்கு எவ்வளவு ஆபத்து என்பது அது எதிராளியின் காயிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இடையில் தடை ஏதும் இல்லையென்றால், 1 கட்டத் தொலைவில் வெட்டும் வாய்ப்பு 11, 2-இல் 12, 3-இல் 14, 4-இலும் 5-இலும் 15, 6-இல் 17. ஏழுக்கு வந்தவுடன் அது சட்டென்று 6 ஆகச் சரிந்துவிடுகிறது. 8-இல் 6, 9-இல் 5, 10-இல் 3, 11-இல் 2, 12-இல் 3. ஆறு கட்டங்களுக்குள் நிற்க நேர்ந்தால் எதிராளியை எவ்வளவு ஒட்டி நிற்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆறைத் தாண்ட முடியுமானால் தாண்டிவிடுவது அதைவிட நல்லது. புதியவர்கள் பலர் நேர்மாறாக, எதிராளியிடமிருந்து கொஞ்சம் விலகி நின்றால் பாதுகாப்பு என்று எண்ணி, இரண்டு கட்டத் தொலைவில் இருந்த காயை ஆறு கட்டத் தொலைவுக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். 12 ஆக இருந்த ஆபத்து அதனால் 17 ஆகிவிடுகிறது.

இனி ஒப்பிடும் பழக்கத்துக்கு வருவோம். முதலில் தோன்றும் நகர்வு பெரும்பாலும் கண்ணுக்கு அழகாகத் தெரியும் நகர்வு. அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அழகு என்பது அதற்குச் சான்றாகாது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் துல்லியமாக எண்ணிவிடலாம். அவரவர் காய்கள் வெளியேறும் ஓரத்திலிருந்தே கட்டங்களை எண்ணுகிறோம். எதிராளிக்கு அவருடைய 1-ஆம் கட்டத்தில் நான்கு காய்கள் மிச்சம். உங்களுக்கு 5, 4, 1 ஆகிய கட்டங்களில் கட்டத்துக்கொரு காயாக மூன்று காய்கள். உங்களுக்கு 2-1 விழுகிறது. ஒன்றைக் கொண்டு 1-ஆம் கட்டத்துக் காயை வெளியேற்றிவிடுகிறீர்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மிச்சமுள்ள இரண்டை எங்கே ஆடுவது? ஐந்தில் உள்ள காயை மூன்றுக்கு இறக்கினால் 4, 3 என்ற நிலை. நான்கில் உள்ளதை இரண்டுக்கு இறக்கினால் 5, 2 என்ற நிலை. எதிராளிக்கு இரட்டை (இரு பகடையிலும் ஒரே எண்; அதற்கு நான்கு நகர்வுகள்) விழாவிட்டால் உங்களுக்கு இன்னும் ஒரே ஒரு முறை பகடை கிடைக்கும். அதில் இரண்டு காய்களும் வெளியேறியாக வேண்டும்.

பெரும்பாலோர் யோசிக்காமல் ஐந்தை மூன்றுக்கு இறக்குவார்கள், தொலைவில் நிற்பதைப் பக்கத்தில் கொண்டுவருவது இயல்பாகத் தோன்றுவதால். எண்ணிப் பாருங்கள். 4, 3 என்ற நிலையில் 6-5, 6-4, 6-3, 5-4, 5-3, 4-3 ஆகிய ஆறு சேர்க்கைகள் உதவும்; அவை 12 வாய்ப்புகள். அத்துடன் 2-2 முதல் 6-6 வரையிலான ஐந்து இரட்டைகளும் சேர்ந்தால் 17. ஆனால் 5, 2 என்ற நிலையில் 6-5, 6-4, 6-3, 6-2, 5-4, 5-3, 5-2 ஆகிய ஏழு சேர்க்கைகள் உதவும். அவை 14 வாய்ப்புகள். இங்கும் அதே ஐந்து இரட்டைகள் உண்டு, ஆக 19. எதிராளிக்கு இரட்டை விழாதபோது பாதிக்குக் குறைவாக இருந்த வெற்றி வாய்ப்பு, இரண்டாவது நகர்வைத் தேடியதால் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. இந்த எண்ணிக்கைக்கு அரை நிமிடம் போதும். ரயிலில் ஆடும்போது செயலியின் கடிகாரம் ஓடுமே என்பீர்கள். அவசரமாக ஆட வைக்கும் செயலியில் இந்தப் பழக்கம் வராது என்பதால், கொஞ்ச நாளைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லாத முறையில் கணினியோடு ஆடுவது நல்லது.

நேரில் ஆடும்போது விதியே உங்களுக்கு ஒரு சலுகை தருகிறது. பகடையைக் கையில் எடுக்கும்வரை உங்கள் முறை முடிவதில்லை. அதுவரை காய்களை ஒரு விதமாக நகர்த்திப் பார்த்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வேறு விதமாகவும் நகர்த்திப் பார்க்கலாம். செயலிகளிலும் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நகர்வைத் திரும்பப் பெறும் வசதி இருக்கும். நகர்த்தி வைத்தபின், நீங்களே எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பலகையைப் பாருங்கள்: இப்போது எந்த எண் விழுந்தால் மகிழ்வீர்கள்? அந்த எண்களைக் கூட்டுங்கள். இன்னொரு நகர்வுக்கும் அப்படியே கூட்டுங்கள்.

எத்தனை எண்களில் வெட்டுப்படுவேன் என்பது பாதிக் கேள்விதான். வெட்டுப்பட்டால் என்ன இழப்பு என்பது மற்றப் பாதி. இதைத்தான் மிகப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் இழப்பு தொலைவு. உங்கள் 5-ஆம் கட்டத்தில் நிற்கும் காய் வெட்டுப்பட்டால் 20 பிப் (ஒரு கட்டத் தொலைவு ஒரு பிப்) பின்னடைவு. எதிராளியின் 5-ஆம் கட்டத்தில் நிற்கும் உங்கள் காய் வெட்டுப்பட்டால் 5 பிப் மட்டுமே. எனவே எதிராளியின் வீட்டுப் பகுதியில், அதாவது அவருடைய 1 முதல் 6 வரையிலான கட்டங்களில், தனிக்காயை விடுவது மலிவு. உங்கள் வீட்டுப் பகுதியில் விடுவது விலை அதிகம். இரண்டாவது இழப்பு, வெட்டுப்பட்ட காய் எதிராளியின் வீட்டுப் பகுதிக்குள் திரும்ப நுழைய முடியாமல் பலகையின் நடுப்பட்டையிலேயே உட்கார்ந்திருப்பது. எதிராளி தம் ஆறு கட்டங்களில் இரண்டைப் பிடித்திருந்தால் (ஒவ்வொன்றிலும் இரண்டு காய்களாவது நிறுத்தியிருந்தால்) நீங்கள் நுழைய முடியாத வாய்ப்பு 36-இல் 4. மூன்றைப் பிடித்திருந்தால் 9. நான்கு என்றால் 16. ஐந்து என்றால் 25. பிடித்த கட்டங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கினால் விடை வந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட அதிகமாக வலிக்கிறது என்பதைக் கவனியுங்கள்: மூன்றாவது கட்டம் 5 வாய்ப்புகளைக் கூட்டுகிறது, நான்காவது 7, ஐந்தாவது 9. இரண்டு கட்டம் மட்டுமே பிடித்த எதிராளியிடம் 15 வாய்ப்புகளில் வெட்டுப்படுவதைவிட, ஐந்து கட்டம் பிடித்த எதிராளியிடம் 6 வாய்ப்புகளில் வெட்டுப்படுவது பல நேரங்களில் பெரிய ஆபத்து.

1978-இல் உலக வெற்றியாளரான பால் மக்ரீல் துணிந்து ஆடுவதா, பத்திரமாக ஆடுவதா என்ற தேர்வைச் சில கேள்விகளாக ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். இன்றும் கற்பிப்பவர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். எதிராளியின் வீட்டுப் பகுதி பலவீனமாக இருக்கிறதா? அங்கே எனக்கு ஏற்கெனவே இரண்டு காய்கள் சேர்ந்து நிற்கும் ஆங்கர் ஒன்று இருக்கிறதா, அதாவது வெட்டுப்பட்டாலும் நுழைய ஓர் இடம் உறுதியா? எதிராளியின் காய்கள் பல என் பக்கம் பின்தங்கிக் கிடக்கின்றனவா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்தால் துணியலாம். எதிராளியின் பகுதி வலுவாகவும், எனக்கு ஆங்கர் இல்லாமலும், அவருடைய காய்கள் ஏறத்தாழத் தப்பிவிட்ட நிலையிலும் இருந்தால் அடக்கி வாசிக்க வேண்டும். என் பார்வையில், நம் ஊர் ஆட்டக்காரர்களிடம் அதிகம் காணப்படும் பிழை, துணிய வேண்டிய இடத்தில் பதுங்குவது. எதையும் இழந்துவிடக் கூடாது என்ற கியாசு மனப்பான்மை பலகையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதுவும் வெட்டுப்படக் கூடாது என்று எல்லாக் காய்களையும் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டே போனால், முதல் பத்து நகர்வுகளில் ஒரு காயும் வெட்டுப்படாது. பதினோராவது நகர்வில் நகர்த்த நல்ல காய் ஒன்றும் இருக்காது, அப்போது கட்டு உடையும், எதிராளியின் பகுதியும் அதற்குள் மதிலாகியிருக்கும்.

இதன் தொடர்ச்சியாகவே இன்னொரு கேள்வி வருகிறது: ஆபத்தை இப்போதே ஏற்பதா, தள்ளிப்போடுவதா? எதிராளி உங்கள் 5-ஆம் கட்டத்தில் இரண்டு காய்களோடு ஆங்கர் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் 13-ஆம் கட்டத்தில் இரண்டு காய்கள் மிச்சம். 8, 7, 6 ஆகிய கட்டங்கள் உங்கள் வசம். பந்தயத்தில் நீங்கள் முன்னே இருக்கிறீர்கள், ஆனால் பதின்மூன்றில் உள்ள இரண்டும் என்றாவது அவரைக் கடந்து வீடு வந்துசேர வேண்டும். இன்று விழுந்த எண்ணில் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் மற்றது எட்டுக் கட்டத் தொலைவில் தனியாக நிற்கும். எட்டுக் கட்டத் தொலைவுக்குப் பொதுவாக 6 வாய்ப்புகள். இங்கே 2-2 உங்கள் ஏழாம் கட்டத்தில் முட்டி நின்றுவிடுவதால் 5 மட்டுமே. எதிராளியின் வீட்டுப் பகுதியில் இன்று இரண்டு கட்டங்களே பிடிக்கப்பட்டிருந்தால், அந்த 5-ஐ இன்றே ஏற்றுக்கொள்வது நல்லது. பத்திரமாக வேறு காய்களை நகர்த்திக்கொண்டு இரட்டைக்காகக் காத்திருந்தால், அவரும் அந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டார். மூன்றாவது, நான்காவது கட்டங்களைப் பிடித்துவிடுவார். பிறகு அதே 5 வாய்ப்பு ஆட்டத்தையே பறித்துவிடும். அவருடைய பகுதி ஏற்கெனவே வலுவாக இருந்து, இனி நகர்த்தக் காய் இல்லாமல் அவரே அதை உடைக்க வேண்டிய நிலை என்றால் கதை தலைகீழ்: அப்போது காத்திருப்பவரே கெட்டிக்காரர்.

ஆபத்தைக் குறைக்க இன்னொரு நுட்பமான வழி உண்டு. எதிராளிக்கு நல்ல வேலைகள் இரண்டு இருந்து, இரண்டுக்கும் ஒரே எண் தேவைப்படும்படி நீங்கள் காயை நிறுத்திவிட்டால், அந்த எண் விழுந்தாலும் பெரும்பாலும் ஒரு வேலையைத்தான் அவரால் செய்ய முடியும். அவருக்குத் தம் 4-ஆம் கட்டத்தைப் பிடிக்க 4 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தனிக்காயை அவரிடமிருந்து நான்கு கட்டம் தள்ளியோ ஐந்து கட்டம் தள்ளியோ விடலாம். இரண்டிலும் வெட்டு வாய்ப்பு 15-தான். ஆயினும் நான்கு தள்ளி விட்டால் அவருக்கு நேரடியாக நல்லதான எண் 4 ஒன்றே, 11 வாய்ப்பு. ஐந்து தள்ளி விட்டால் 4, 5 இரண்டுமே நல்லவையாகி 20 வாய்ப்பு. உங்கள் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக, வெவ்வேறு எண்கள் வெவ்வேறு நல்ல வேலைகளுக்கு உதவும்படி காய்களைப் பரப்பி வைக்க வேண்டும். மைத்துனரின் அதிர்ஷ்டத்தில் பாதி இந்தப் பரப்பலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் ஒரு நகர்வின் அளவில். இவற்றுக்கு மேலே, இப்போது நான் எந்த ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்ற கேள்வி எப்போதும் இருக்க வேண்டும். ஓடி முந்துவதா, எதிராளியின் காய்களை மதில் கட்டி அடைப்பதா, அடித்து நெருக்குவதா, ஆங்கரில் உட்கார்ந்து வெட்டுக்குக் காத்திருப்பதா? இதற்கு விடை பெரும்பாலும் பிப் கணக்கில், அதாவது காய்களெல்லாம் வெளியேற மிச்சமுள்ள மொத்தத் தொலைவில், கிடைக்கும். தொடக்கத்தில் இருவருக்கும் 167 பிப். ஒரு முறை உருட்டினால் சராசரியாக 8-க்குச் சற்று மேல் குறையும். துல்லியமாகக் கூட்ட நேரமில்லையென்றால், இரு பக்கமும் ஒரே மாதிரி நிற்கும் காய்களைக் கழித்துவிட்டு வேறுபாட்டை மட்டும் கூட்டுங்கள். முன்னே இருப்பவர் தொடர்பை, அதாவது ஒருவரையொருவர் வெட்டக்கூடிய நிலையை, அறுத்துக்கொண்டு ஓட வேண்டும். பின்னே இருப்பவர் தொடர்பை விடக் கூடாது. 20 பிப் பின்தங்கிய நிலையில், பத்திரம் என்று கருதித் தம் கடைசி இரண்டு காய்களையும் ஆங்கரிலிருந்து கிளப்பிக்கொண்டு ஓடுபவரைப் பாருங்கள்: அவருடைய ஒவ்வொரு நகர்வும் பத்திரமானது, ஆட்டம் மட்டும் தோற்றுவிட்டது.

எல்லா நகர்வுக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. தொடக்கத்தில் 3-1 விழுந்தால் 5-ஆம் கட்டத்தையும், 4-2 விழுந்தால் 4-ஆம் கட்டத்தையும், 6-1 விழுந்தால் 7-ஆம் கட்டத்தையும் பிடிக்க வேண்டும். யோசனைக்கு இடமே இல்லை. 6-4 விழுந்தாலோ மூன்று விதமாக ஆடலாம்: பின்காயை 24-இலிருந்து 14-க்கு ஓட்டலாம், 24-இலிருந்து 18-க்கும் 13-இலிருந்து 9-க்கும் நகர்த்தலாம், அல்லது 8-இலிருந்தும் 6-இலிருந்தும் இறக்கி 2-ஆம் கட்டத்தைப் பிடிக்கலாம். மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. அதில் மூளையைக் கசக்குவது வீண். நேரம் செலவழிக்க வேண்டியது இருவரின் காய்களும் ஒன்றையொன்று உரசி நிற்கும் இடங்களிலும், இரட்டை விழுந்து நான்கு நகர்வுகளைக் கோக்க வேண்டிய இடங்களிலும், ஆட்டத்தின் புள்ளி மதிப்பை இரு மடங்காக்கும் இரட்டிப்புக் கட்டையைத் தொடும் இடங்களிலும்தான்.

அந்தக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகர்வுகளில் பல ஆட்டங்களில் இழப்பதை ஒரே ஒரு தவறான இரட்டிப்பில் இழந்துவிடலாம். எதிராளி இரட்டிக்கும்போது ஏற்பதா, விலகுவதா என்பதற்கான அடிக்கணக்கு எளியது. ஒரே மாதிரி நான்கு ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் விலகினால் இழப்பு 4 புள்ளி. நான்கையும் ஏற்று, மூன்றில் தோற்று ஒன்றில் வென்றால் 6 இழந்து 2 பெறுகிறீர்கள். அப்போதும் இழப்பு 4. எனவே 25 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி வாய்ப்பு இருந்தால் ஏற்கலாம்; இரட்டைத் தோல்வியான கேமன் நேரும் ஆபத்து கணிசமாக இருந்தால் அந்த வரம்பு உயரும். பதற்றத்தில், பின்தங்கியிருக்கிறேன் என்பதற்காகவே விலகிவிடுவது தொடக்கநிலை ஆட்டக்காரர்களின் நிரந்தரப் பழக்கம். மூன்றில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்புள்ள நல்ல நிலைகளை அவர்கள் தானமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் இரட்டிக்க நினைக்கும்போது அமெரிக்க ஆட்டக்காரர் கிட் வூல்ஸியின் விதி கைகொடுக்கும்: எதிராளி இதை ஏற்பது சரியா, விலகுவது சரியா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லையென்றால், இரட்டிப்பது சரி. இரு முறை உலக வெற்றியாளரான பில் ராபர்ட்டி மூன்று அளவுகோல்களைத் தருகிறார்: காய்களின் நிலை, ஓட்டப் பந்தயம், உடனடி அச்சுறுத்தல். மூன்றில் இரண்டு உங்கள் பக்கம் என்றால் இரட்டிக்கலாம். மூன்றுமே உங்கள் பக்கம் என்றால் எதிராளி விலகுவதே பெரும்பாலும் சரியாக இருக்கும். தொடர்பு முழுதும் அறுந்து வெறும் ஓட்டமாகிவிட்டால் விழுக்காட்டுக் கணக்குப் போதும்: உங்கள் பிப் எண்ணிக்கையில் 8 விழுக்காடு முன்னே இருந்தால் முதல் இரட்டிப்பு, 9 என்றால் மறு இரட்டிப்பு, எதிராளி 12 விழுக்காடு வரை பின்தங்கியிருந்தால் ஏற்கலாம். உங்களுக்கு 100, அவருக்கு 108 என்றால் இரட்டியுங்கள்; அவருக்கு 112 வரை ஏற்பு, அதற்கு மேல் விலகல்.

இரட்டிப்பு என்றதும் பணம் நினைவுக்கு வரலாம். புள்ளிகளுக்காக ஆடினாலே இந்தக் கட்டை தன் வேலையைச் செய்யும். ஏழு புள்ளி வரையிலான தொடர் என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் ஆடும் சமூகச் சூதாட்டத்துக்கு விலக்கு உண்டு, பொது இடத்துக்கு இல்லை. எனவே புளோக்கின் கீழ்த்தளத்தில் சீனச் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் பலகையை விரிக்கும் நாளில் காசு பையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, ஆட்டம் முடிந்த பிறகு செய்ய வேண்டியது. வென்றதால் நகர்வு சரி, தோற்றதால் தவறு என்று தீர்ப்பளிக்கும் வழக்கம்தான் கற்றலுக்கு மிகப் பெரிய தடை. 1979-இல் மான்டே கார்லோவில் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய பிகேஜி என்ற கணினி நிரல், அப்போதைய உலக வெற்றியாளர் லூயிஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. ஆட்டங்களைப் பிறகு ஆராய்ந்த பெர்லினரே, வில்லாவின் ஆட்டமே தரத்தில் மேலானது, தம் நிரலுக்குப் பகடை சாதகமாக விழுந்தது என்று ஒப்புக்கொண்டார். 7-1 என்ற முடிவே தரத்தைக் காட்டாதபோது, நேற்று இரவு மைத்துனரிடம் தோற்ற மூன்று ஆட்டங்கள் எதைக் காட்டும்?

தரத்தைக் காட்டுவது ஆய்வு நிரல்கள்தாம். 1992-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன், தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்களை ஆடிக் கற்றுக்கொண்ட நிரல். அதற்கு முன் 4-1 விழுந்தால், 13-இலிருந்து ஒரு காயை 9-க்கு இறக்கி, 6-இலிருந்து ஒன்றை 5-க்கு இறக்கித் தனியாக வைப்பது வல்லுநர்களின் வழக்கமாக இருந்தது. 15 வாய்ப்புகளில் வெட்டுப்பட்டு 20 பிப் இழக்கலாம், ஆனாலும் தப்பினால் 5-ஆம் கட்டம் கைக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஒன்றைப் பின்காயில், 24-இலிருந்து 23-க்கு ஆடுவதே மேல் என்று நிரல் காட்டியது, வல்லுநர்களும் மாறினார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ பேக்கேமனும், விலைக்குக் கிடைக்கும் எக்ஸ்ட்ரீம் கேமனும் அந்த வழியில் வந்தவையே.

நிரலில் ஓர் ஆட்டத்தை ஏற்றினால் ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு இழந்தீர்கள் என்று புள்ளிக் கணக்கில் காட்டும். 0.02 போன்ற சில்லறை வேறுபாடுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்; 0.08-க்கு மேல் இழந்த பெரும் பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு நிபந்தனை: ஆடும்போதே, தயங்கிய இடங்களைப் படம் பிடித்து, எந்த இரண்டு நகர்வுகளுக்கு நடுவே தயங்கினீர்கள், எதனால் ஒன்றைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிரலின் விடையோடு அந்த வரியை வைத்துப் பார்த்தால், பிழை எண்ணிக்கையில் நேர்ந்ததா, இழப்பை அளந்ததில் நேர்ந்ததா, இல்லை சரியான நகர்வு உங்கள் பட்டியலிலேயே இல்லையா என்பது தெரிந்துவிடும். மூன்றாவது வகைதான் உங்களிடம் அதிகம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ஒரு மாதத்துக்கு வேறு எதையும் திருத்த முயலாமல், இரட்டை விழும் ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று நகர்வுகளை மனத்தில் வரிசைப்படுத்திய பிறகே காயைத் தொடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.